கொட்டகையின் நிறம்

"இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். சின்னவளுக்கு ஊரை நிறம் பிரிக்கிற வேலை. வானத்திலிருந்து எடுத்த படம் கம்ப்யூட்டரில் விரிந்து கிடக்கும். கூரை தெரிந்தால் அந்த இடத்துக்குச் செங்கல் நிறம். மரம் என்றால் கரும்பச்சை, புல் என்றால் இளம்பச்சை, ரோடு சாம்பல், வெறும் மணல் மஞ்சள். காலையில் உட்கார்ந்து ஒரு தெருவை முடிப்பதற்குள் கழுத்து மரத்துப்போகும், கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். இதை வீட்டில் வந்து புலம்பினால், நாள் முழுக்க மீன் வெட்டி விரலெல்லாம் வெடித்து உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட குடுத்தா கோடு தாண்டாம அடிச்சுக் குடுக்குமேடி" என்பாள்.

ஆனால் அது வெறும் கலர் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் ஓர் எண் இருக்கிறது. கடல் பொங்கி ஊருக்குள் வந்தால் அந்த இடம் தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்கிற எண். முதல் நாளே தண்ணி சார் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். "மார்க்கெட் கூட்டத்துக்குள்ள உன்னால ஓட முடியுமா? இடிச்சு, முட்டி, பாதி வழியில நின்னுடுவே. அதே காலி மைதானம்னா? தலைதெறிக்க ஓடலாம். தண்ணியும் அப்படித்தாம்மா. வீடு நெருக்கமா இருந்தா திணறும். வெறும் மணலா இருந்தா நிக்காம வந்துட்டே இருக்கும்."

தண்ணி சார் இன்ஜினியர். அவருக்கு அந்தப் பெயர் வைத்தவர் டீ கொண்டுவருகிறவர். பின்அறையில் உட்கார்ந்து, சின்னவளும் மற்றவர்களும் நிறம் பிரித்துக் கொடுத்த ஊருக்குள் அவர் நாள் பூராவும் அலையை விட்டுக்கொண்டிருப்பார். எங்கேயோ கடலுக்கடியில் நிலம் நடுங்கி, தொலைவில் வேறு ஊர்களை அலை வாரிக்கொண்டு போனதை எல்லாரும் டிவியில் பார்த்த பிறகு, நகராட்சிக்கு ஞானம் பிறந்து ஆரம்பித்த வேலை அது. "இன்னிக்கு ஊரை முழுகடிச்சாச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே டீக்காரர் டம்ளரை வைப்பார். சார் சிரிக்காமல் பதில் சொல்வார். "இல்லப்பா, சாப்பிட்டுட்டு வந்துதான்."

அக்காவின் தெரு கடலுக்குப் பக்கம். முதலில் கடல், அப்புறம் மணல், அப்புறம் வரிசையாக மீன் கொட்டகைகள், அதையடுத்து அக்காவின் தெரு. தெருக்கோடியில் பள்ளிக்கூடம். அதற்கும் பின்னால் இருக்கிற தெருவில் சின்னவள் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். தனியாக என்பது பேச்சுக்குத்தான். தூக்கம் மட்டும் அங்கே, சோறு, சண்டை, தலைவலிக்குத் தைலம் எல்லாம் அக்கா வீட்டில்.

அக்காவின் வீட்டுக்காரரை அந்த வட்டாரத்தில் ஃபேன்காரர் என்றால்தான் தெரியும். ஒரு காலத்தில் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் மிஷின் ஓட்டியவர். இரும்புக் கயிறு அறுந்து முதுகில் அடித்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு ஃபேனை மடியில் வைத்துப் பிரித்தார். அது ஓடியது. அன்றிலிருந்து வாசலில் சக்கர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபேன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எது கெட்டாலும் அவரிடம்தான். நாற்காலி இறங்க அக்காவே சிமெண்டு குழைத்துப் பூசி ஒரு சரிவு போட்டாள். கொத்தனார் வேலை தெரியாதவள் பூசியது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சரிவில் உட்கார்ந்துதான் தெருவே அவரிடம் கதை பேசும்.

முதல் வரைபடம் முடிந்த அன்று சின்னவள் அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"மாமா, உங்க தெரு நனையல. கொட்டகைகிட்டயே தண்ணி நின்னுடுச்சு."

"பார்த்தியா?" என்றார் மாமா அக்காவைப் பார்த்து. "உன் தங்கச்சி கடலையே நிறுத்திட்டா. நீ என்னடான்னா கலர் அடிக்கிறா, கலர் அடிக்கிறான்னு கிண்டல் பண்றே."

"நிக்கட்டும், நிக்கட்டும். நல்லா இருக்கட்டும்" என்று அக்கா கையை முந்தானையில் துடைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் வரும் என்று கணக்கு வந்தால் தெருவையே காலி செய்து ஊருக்கு வெளியே மேட்டில் கட்டியிருக்கிற மாடி வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அங்கே கீழ்த்தளமெல்லாம் முன்னாலேயே வந்தவர்களுக்குப் போய்விட்டது. லிஃப்ட் வைக்க இடம் மட்டும் விட்டிருக்கிறார்கள், லிஃப்ட் இல்லை. இடுப்பசையாத மனிதனை நாலு மாடி ஏற்றினால் அப்புறம் அவர் இறங்குவது எப்போது? அக்கா எத்தனையோ நாளாக இதை நினைத்துத்தான் சரியாகத் தூங்காமல் இருந்தாள்.

அன்றைக்கு அவள் பொரித்த மீனில் பெரிய துண்டு சின்னவளின் தட்டில் விழுந்தது.

பள்ளிக்கூடமும் நனையவில்லை. அதனால் அலை எச்சரிக்கை வந்தால் எல்லாரும் அங்கே ஓடிப்போய்க் கூட வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்தது. வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் இடிந்து விழுகிற மாதிரி கொட்டியது. வேலைக்குப் போன அக்கா குடை எடுத்துப் போகவில்லை. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாம்மா, இல்லாட்டி நனைஞ்சுட்டு வந்து என்னைத் திட்டுவா" என்று மாமா அனுப்பினார்.

சின்னவளுக்குக் கொட்டகை புது இடமா? அம்மா இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் அவளும் அங்கேதான் உட்கார்ந்து இறால் உரித்தார்கள். தகரக் கூரைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நீளமாக நிற்கும். கீழே ஈரத் தரை, ஐஸ் பெட்டி, செதில், பூனைகள், பெண்களின் வாய் ஓயாத பேச்சு. அக்கா பலகையில் குந்தி உட்கார்ந்து ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? அந்தக் கம்பத்துல சாத்தி வை. இதோ இந்தக் கூடையை முடிச்சுட்டு வரேன்."

சின்னவள் குடையைக் கம்பத்தில் சாத்தினாள். சாத்திய இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்துக்கு அப்பால் இன்னொரு கம்பம், அதற்கப்பால் இன்னொன்று, கடைசிக் கம்பத்துக்கு அப்பால் கடல். நடுவில் ஒன்றுமில்லை. மழைக்காற்று கடலிலிருந்து கிளம்பி, எதிலும் இடிக்காமல், நேராக அவள் முகத்தில் அடித்தது. மீன் கழுவிவிட்ட தண்ணீர் கம்பங்களுக்கு நடுவே புகுந்து அக்காவின் தெருவை நோக்கித் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகைக்குச் சுவர் கிடையாது. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். தெருநாயைக் கேட்டால்கூடச் சொல்லும்.

ஆனால் கம்ப்யூட்டரில் அவள் பார்த்தது கூரையை. மேலே மூடியிருந்தால் கட்டடம் என்பது அலுவலகத்தின் விதி. வானத்திலிருந்து பார்க்கும்போது அத்தனை கொட்டகையும் இடைவெளியில்லாமல் நெருக்கிக் கட்டிய வீடுகளாகத்தான் தெரிந்தன. அவளும் செங்கல் நிறத்தைப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். சரிபார்த்தவர்களும் விதிப்படி சரி என்று விட்டுவிட்டார்கள். கடலுக்கும் அக்கா தெருவுக்கும் நடுவில் ஒரு கோட்டையே இருப்பதாக நம்பி, தண்ணி சாரின் அலை அங்கே முட்டி நின்றிருக்கிறது. இல்லாத கோட்டை. சின்னவள் தன்னையே திட்டிக்கொண்டாள். சரிபார்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. நீ? நீயுமாடி பார்க்காமல் விட்டாய்?

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. குளிருது."

மறுநாள் தண்ணி சாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "கூரை இருக்கு, சுவர் இல்ல. சரி. அப்ப அதுக்கு மணலுக்குக் கொடுக்கிற எண்ணையே கொடுத்துப் பார்ப்போம்" என்றார்.

கணக்கு ஓடி முடிய மதியமாயிற்று. இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீலம் மணலைத் தாண்டியது. கொட்டகைக்குள் புகுந்தது. நிற்கவில்லை. அக்காவின் தெருவுக்குள் வந்தது, வீடுகளில் முட்டித் திணறியது, தேங்கியது. பள்ளிக்கூடம் பள்ளமான இடம், அங்கே இன்னும் ஆழமாக நின்றது. அக்கா வீட்டின் மேல் சார் சுட்டியை வைத்தார். ஆழம் வந்தது. அக்கா நின்றால் கழுத்துவரை. நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு? சின்னவள் மனசுக்குள் அளந்து பார்த்துவிட்டு, அளக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அவளுடைய தெருவில் நீலம் இல்லை.

"சார், அது எங்க அக்கா வீடு."

"தெரியும்மா. நீ சொல்லியிருக்கே."

"அவரை நாலு மாடி தூக்கிட்டுப் போயிடுவாங்க சார்."

தண்ணி சார் சுட்டியைப் பள்ளிக்கூடத்தின் மேல் நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் என்னம்மா பண்ணட்டும்? தண்ணிக்கு மாமா மச்சான் தெரியாதே. அந்தப் பள்ளிக்கூடத்துல இப்ப பலகை மாட்டியிருக்கு. நாளைக்கு எச்சரிக்கை வந்தா ஜனங்க அங்கதான் ஓடும்."

அன்று சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். நகராட்சிக்காரன் வந்து சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதைவிட, தானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்தாள். மாமா வாசலில் ஒரு மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அதெப்படிடி? அன்னிக்கு நனையலேன்னே. இன்னிக்கு நனையுதுங்கிறே. கடல் என்ன நடுவுல வளர்ந்துடுச்சா?"

"கடல் அதேதான்க்கா. நான் தப்பா கலர் போட்டுட்டேன். கொட்டகையைச் சுவர் வெச்ச கட்டடம்னு போட்டுட்டேன்."

"நீயா? அந்தக் கொட்டகைலயே வளர்ந்த கழுதைதானே நீ?"

"ஆமா."

"சரி, தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். உனக்கும் அந்த சாருக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"அக்கா..."

"என்ன நொக்கா? அலை எப்பவோ வரும். வராமலும் போகும். நம்ம அம்மா காலத்துல வந்துச்சா? அவங்கம்மா காலத்துல வந்துச்சா? மாடி நாளைக்கே வருமேடி! இந்த மனுஷன் வாசல்ல உட்கார்ந்து நாலு முகத்தைப் பார்க்கிறதாலதான் உசிரோட இருக்காரு. நாலாவது மாடிக்கு எவன் மிக்ஸி தூக்கிட்டு வருவான்? சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருந்தாரே அந்த ஒரு வருஷம், நீ பார்த்தியா? நான்தானே பார்த்தேன். சோறு ஊட்டப் போனா வாயை மூடிக்குவாரு."

"பள்ளிக்கூடத்துலயும் தண்ணி வருதுக்கா. இன்னும் ஆழமா. எச்சரிக்கை வந்தா நீயும் நானும் மாமாவைத் தள்ளிட்டு அங்கதானே ஓடுவோம்? தெருப் பிள்ளைங்க பூராவும் அங்கதானே ஓடும்?"

அக்கா பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு வேறு பக்கமாக வந்தாள். "உன் தெரு?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேட்கிறேன்ல. உன் தெரு நனையுதா, இல்லையா?"

"இல்ல."

"அதானே பார்த்தேன்! எங்க வீடு முழுகும், பின்னாடியே இருக்கிற உன் வீடு மட்டும் காய்ஞ்சு கிடக்கும். நல்லா இருக்குடி கலரு!"

"உங்க தெருல வீடுங்க நெருக்கமா இருக்கு. அதுல முட்டித் தண்ணி நின்னுடுது. நான் வேணும்னு பண்ணலக்கா, சத்தியமா."

"ஓஹோ. நாங்க முட்டுக் குடுத்து உன்னைக் காப்பாத்தறோம். சரி. அப்ப எங்க வீட்டை இடிச்சுட்டு எங்களை மாடிக்கு அனுப்பிட்டா உன் வீட்டுக்கு யாருடி முட்டுக் குடுப்பா?"

மாமா இவ்வளவு நேரமும் மிக்ஸியின் திருகுகளை ஒரு டப்பா மூடியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"எவ்வளவு வருது?"

"மாமா, விடுங்க..."

"சொல்லும்மா. என் கழுத்துக்கா, மூக்குக்கா?"

"தலைக்கு மேல."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "திருத்திடு. இந்த மிக்ஸிக்காரம்மா பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. நான் இங்க உட்கார்ந்துட்டு அதுகிட்ட எப்படி முகத்தைக் காட்டறது?"

"நீங்க சும்மா இருங்க" என்று அக்கா கத்தினாள். "தியாகி! தூக்கிட்டு ஏறப் போறவ நானு!" சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அரிசி அப்படியே ஊறிக்கொண்டு கிடந்தது. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சின்னவள் கொட்டகையின் நிறத்தை மாற்றினாள். மாற்றுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, விரலால் ஒரு தட்டு.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பள்ளிக்கூடப் பலகையைக் கழற்றினார்கள். நகராட்சி ஆட்கள் பெயிண்டு வாளியோடு தெருவுக்கு வந்து, தண்ணீர் எதுவரை வரும் என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீலக் கோடு போட்டுக்கொண்டே போனார்கள். ஜனங்களுக்குப் புரியட்டும் என்றுதான். ஃபேன்காரர் வீட்டில் கோடு போடும்போது அவர் கோட்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "நேரா போடுப்பா, கோணலாப் போகுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோடு அவர் தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் போயிற்று. காலி செய்துவிட்டுப் போகும்வரை அவர் தினமும் அதன் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சின்னவள் தரையைப் பார்த்து நடந்தாள்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு கேட்டு அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. தண்ணி சாரும் கூட வந்தார். போன இடத்திலெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம், இது யாருக்குத்தான் தெரியாது?

நாலு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். "கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது" என்றார் அவர். அக்கா பின்னால் துணி மூட்டையோடு ஏறினாள். தங்கை ஒரு பையை வாங்கக் கை நீட்டியபோது, கொடுக்காமல் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. மேட்டிலிருந்து கொட்டகைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதோடு அவரைத் தனியாக விட முடியாது. மீன் வெட்டப் போவதையும் அக்கா நிறுத்திவிட்டாள்.

சின்னவள் ஞாயிறுதோறும் போனாள். அக்கா கதவைத் திறப்பாள், டீயும் வைப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். மாமா ஜன்னலோரக் கட்டிலில் கிடப்பார். அந்த ஜன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் தெரியும். முதல் சில வாரம் பழைய தெருவைப் பற்றி விசாரித்தார். அப்புறம் விசாரிப்பு குறைந்தது. அவருடைய ஸ்க்ரூடிரைவர் பை கட்டிலுக்குக் கீழே அதே இடத்தில், அதே முடிச்சோடு இருந்தது. ஒரு ஃபேன்கூட அந்த மாடி ஏறி வரவில்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த சின்னவள், தன் அறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனின் பின்மூடியைக் கழற்றி உள்ளேயிருந்த வயர் ஒன்றைப் பிடுங்கினாள். அடுத்த ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினாள்.

"திடீர்னு நின்னுடுச்சு மாமா."

மாமா பையின் முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"தானா போன வயர் மாதிரி தெரியலயே. யாரோ பிடுங்கின மாதிரி இருக்கு."

"எலி கிலி கடிச்சிருக்கும்."

"ஆமாமா. ரெண்டு கால் எலி." ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். "வெச்சுட்டுப் போ. அவசரம் இல்லைல்ல? நிதானமாப் பண்ணித் தரேன்."

அடுத்த மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பாது என்று போர்வையின் நாலு மூலையையும் பிடித்துத் தொட்டிலாக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அக்கா யாரையும் பார்க்காமல், "அலை வரல" என்று மட்டும் சொன்னாள். சின்னவளுக்கு அதைவிட ஒரு கத்தியை எடுத்துச் செருகியிருக்கலாம் என்று இருந்தது. நல்ல மனுஷன் அவர். மேலே போயிருக்காவிட்டால் பிழைத்திருப்பாரா? யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி அவளைச் சாப்பிட விடவில்லை, தூங்க விடவில்லை, வேலை மட்டும் பார்க்க விட்டது.

வருஷம் திரும்பியதும் வானத்திலிருந்து புதுப் படம் வந்தது. இடித்தது, கட்டியது, வெட்டியது எல்லாவற்றையும் மறுபடி நிறம் பிரிக்க வேண்டும். அக்காவின் பழைய தெரு சின்னவளின் பங்கில் வந்தது. தெரு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வீடுகளை இடித்துச் செங்கல்லைக்கூட அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஒரே மணல். அவள் மஞ்சளைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கை நின்றது. மணலுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னதாக, ஒரு பக்கம் கோணலாக ஒரு துண்டு. பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த சிமெண்டுச் சரிவு. வீட்டை எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவ்வளவு சின்னது எதுவும் கணக்கில் வராது, சுற்றியிருப்பதன் நிறத்தையே போட்டுவிட வேண்டும். அதுவும் விதி. அவளால் போட முடியவில்லை. அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்ற இடங்களை முடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் தண்ணி சார் கூப்பிட்டார். முகம் சரியில்லை. திரையில் அலை ஓடி முடிந்திருந்தது. நீலம் மணலைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, அக்காவின் தெரு இருந்த இடத்தைத் தாண்டி, முட்டிக்கொள்ள எதுவும் இல்லாமல் பின்தெருவுக்குள் போய் நின்றிருந்தது.

"வீடுங்க போனதும் அங்க பிடிச்சு நிறுத்த ஒண்ணுமில்லாம போச்சு" என்றார் சார். "எனக்கு இது முன்னாடியே தோணிச்சு. மேல சொன்னேன். அது அடுத்த வருஷக் கணக்குன்னுட்டாங்க."

"எங்க அக்காகூடக் கேட்டா சார்."

"எது உன் வீடு?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

அப்போதுதான் டீக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "உங்களைத் தேடி யாரோ வந்திருக்காங்க" என்றார். அவருக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் துணியில் சுற்றிய டேபிள் ஃபேன். அந்த அலுவலகத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறிவிட்டு, போட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அவரு சரி பண்ணி வெச்சிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே குடுத்துடச் சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல."

ஃபேனை மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"இதுதான் அதா?"

தண்ணி சார் எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு வெளியே போனார். அக்கா உட்காரவில்லை.

"நம்ம வீடு எங்க?"

சின்னவள் நீலத்தை எடுத்துவிட்டு வெறும் படத்தைக் காட்டினாள். கோணலான அந்தச் சாம்பல் துண்டைப் பெரிதாக்கினாள். அக்கா குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலால், மீன் வெட்டி வெட்டி நகம் தேய்ந்த விரலால், திரையில் அதை ஒருமுறை தடவினாள்.

"கோணலாத்தான் பூசியிருக்கேன்" என்றாள். "தினமும் சொல்வாரு. கேட்டாத்தானே."

விரலை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"தண்ணிய மறுபடி போடு."

"வேணாம்க்கா."

"போடுன்னா போடு."

சின்னவள் போட்டாள். நீலம் வந்தது. சாம்பல் துண்டை மூடிக்கொண்டு மேலே போனது, பின்தெருவுக்குள் ஏறியது. அக்காவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் சண்டையில் தான் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பார்த்தியா, சொன்னேன்ல?" என்பாள் என்று சின்னவள் காத்திருந்தாள். கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

அக்கா சொல்லவில்லை. துணியைப் பிரித்து, ஃபேனின் வயரை நீவி விட்டாள்.

"உனக்கும் கோடு போட வருவாங்க. வரவரைக்கும் எதுக்கு அங்க இருக்கே? அங்க வந்துடு" என்றாள். "நாலு மாடி ஏறணும். மூச்சு வாங்கும், போகப் போகப் பழகிடும். ஜன்னலோரம் அவரு கட்டில் சும்மாதான் கெடக்கு."